எழுவாய் யார் என்று பாருங்கள்: ஹோம்ஸ்கூலுக்குக் கறுப்பினச் சிறுவர் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. முதல் வருடம் அமெரிக்க வரலாற்றை எடுத்தபோது, எங்கள் பாடத்தில் கறுப்பின மக்கள் முதன்முதலாக வந்ததே கப்பலில், சங்கிலியோடு. "அதுக்கு முன்னாடி அவங்க என்னம்மா பண்ணிட்டு இருந்தாங்க?" என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. நான் வாங்கி வைத்திருந்த புத்தகத்திலும் இல்லை. அன்றைக்கே அதை மூடி வைத்துவிட்டு, புத்தகங்களை முதலிலிருந்து தேட ஆரம்பித்தேன். புதிதாக ஹோம்ஸ்கூல் தொடங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: இருப்பதை எண்ணுங்கள்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற கதைப் புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பி, கறுப்பினக் குழந்தை வரும் புத்தகங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். இதையே நான்சி லாரிக் என்பவர் பெரிய அளவில் செய்தார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, 6.7 சதவீதத்தில்தான் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருக்கிறது என்று 1965-ல் எழுதினார். 2013-ல் வந்த சுமார் 3,200 நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93 மட்டுமே. எங்கள் வீட்டுத் தரையில் தனியாக நின்றவை மூன்று. மூன்றுமே துயரக் கதைகள்.

படி 2: முதலில் சாதாரண நாட்கள்

வரலாற்றுக்குப் போகும் முன் ஒரு மாதமாவது சும்மா கதை படியுங்கள். பனியில் விளையாடுகிற, முடி வெட்டிக்கொள்கிற, அப்பாவோடு பஸ்ஸில் போகிற குழந்தைகள் வரட்டும். இந்த வரிசை மாறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு குழந்தையோடு சேர்ந்து சிரித்த பிறகுதான், அதே குழந்தைக்கு நடந்த அநியாயம் நம் பிள்ளைக்கு வலிக்கும்.

1962-ல் வந்த 'தி ஸ்னோயி டே' சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். சிவப்பு உடுப்பு போட்ட பீட்டர் நாள் முழுக்கப் பனியில் விளையாடிவிட்டு, நாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவான். படுக்கப் போகும் முன் பார்த்தால் பாக்கெட் காலி. என் மகள் அந்தப் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. "ஃப்ரீசர்ல வெச்சிருக்கலாம்ல?" என்று அவனுக்காக அவ்வளவு வருத்தம். அப்புறம் 2017-ல் வந்த 'க்ரவுன்'. சலூன் நாற்காலியில் ஒரு பையன் அரசனைப் போல உட்கார்ந்திருக்கும் புத்தகம்.

படி 3: எழுதியது யார்?

பீட்டரை எழுதி வரைந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் கறுப்பினத்தவர் அல்ல. நல்ல புத்தகம்தான். ஆனால் அலமாரி முழுக்க அப்படியே இருந்தால் பாதிதான் கிடைக்கும். கொரெட்டா ஸ்காட் கிங் விருது முத்திரை அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1970 முதல் ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர்களுக்குத் தரப்படும் விருது அது. ஓவியர்களுக்கும் பின்னால் வந்தது. லைப்ரரியில் அந்தப் பட்டியலைக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

பிப்ரவரிக்காகக் காத்திருக்காதீர்கள். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926-ல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான், 1976 முதல் பிப்ரவரி மாதம் முழுக்கக் கொண்டாடப்படுகிறது. அந்த மாதம் நல்ல புத்தகங்கள் கையில் கிடைக்காது. செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 4: வினைச்சொல்லைப் பாருங்கள்

வரலாற்று நூலை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். "ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டார்கள்" என்று இருந்தால், கொண்டுவந்தது யார் என்று அந்தப் பக்கத்தில் தேடுங்கள். "விடுதலை வழங்கப்பட்டது" என்று இருந்தால், போராடியது யார் என்று தேடுங்கள். செயப்பாட்டு வினையில் கொடுமை செய்தவரும் மறைந்துவிடுகிறார், எதிர்த்தவரும் மறைந்துவிடுகிறார். அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1838-ல் மாலுமி வேடத்தில் ரயிலேறித் தப்பினார். ஹாரியட் டப்மனும் 1849-ல் அடிமைத்தனத்திலிருந்து தப்பினார். அதோடு நிற்காமல் சுமார் 13 முறை திரும்பிப் போய் சுமார் 70 பேரைக் கூட்டி வந்தார். தப்பினார், போனார், கூட்டி வந்தார். நல்ல நூலில் இவர்கள்தான் எழுவாய்.

ஒரு எச்சரிக்கை. 2016-ல் வந்த ஒரு படக்கதையில், ஜார்ஜ் வாஷிங்டனின் சமையல்காரர் ஹெர்குலிஸ் மகளோடு சிரித்தபடி எஜமானருக்குப் பிறந்தநாள் கேக் செய்வார். அவர் அடிமைப்படுத்தப்பட்டவர். கண்டனம் எழுந்து, சில நாட்களிலேயே அந்தப் புத்தகம் திரும்பப் பெறப்பட்டது. உண்மையில் ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் 65-ஆம் பிறந்தநாளிலேயே தப்பிப் போனார். அப்பாவை இனிப் பார்க்க முடியாதே என்று ஒரு விருந்தாளியின் பணியாளர் கேட்டதற்கு, தனக்குச் சந்தோஷம்தான், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறாரே என்று அவருடைய சின்ன மகள் சொன்னாள். படத்தில் சிரித்த முகங்களைக் கண்டால், யாருக்காகச் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆப்பிரிக்கர்களை வர்ஜீனியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்த 1619-ல் தொடக்கத்தை வைக்காதீர்கள். மாலிப் பேரரசின் மன்னர் மூசா 1324-ல் மெக்கா போன பயணத்திலிருந்து ஆரம்பியுங்கள். என் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது.

"இது நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். 1946 முதல் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்பதுதான் அமெரிக்கா வைத்த ஒதுக்கீடு. அதை மாற்றிய 1965 குடிவரவுச் சட்டம் வந்தது, கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த வருடம். அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நம்மில் பலர் வந்தோம்.

படி 5: வயதுக்கு ஏற்றபடி

கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் ஆறு வயதில், 1960 நவம்பர் 14 அன்று, மத்திய அரசின் மார்ஷல்கள் காவலோடு, அதுவரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளிக்குள் நுழைந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான், டீச்சர் ஒருத்தர். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது புரியும், தாங்கவும் முடியும்.

பத்து வயதுக்கு மேல் மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. கதை நடப்பது 1933-ல், மிசிசிப்பியில். பள்ளியில் தரப்படும் பழைய பாடப்புத்தகத்தின் உள்ளே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். பதினோரு வருடம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையில் இருந்து, 'மிக மோசம்' என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அது கறுப்பினப் பிள்ளைக்கு வருகிறது. அதைப் படித்ததும் கதையில் வரும் சின்னப் பையன் புத்தகத்தைத் தரையில் போட்டு மிதிப்பான். நீங்கள் முதலில் தனியாக முழுதும் படித்துவிடுங்கள். அதில் இழிசொல் வரும். நான் உரக்கப் படிக்கும்போது அதை உச்சரிப்பதில்லை. அந்தச் சொல்லை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு முறை உட்கார வைத்துச் சொன்னேன்.

படி 6: கதையோடு ஓர் அசல் ஆவணம்

ஒவ்வொரு நூலோடும் அந்தக் காலத்துப் பொருள் ஒன்றைச் சேருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'கிரீன் புக்'. கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும் என்று சொல்லும் வழிகாட்டி; 1936-ல் தொடங்கியவர் விக்டர் கிரீன், எங்கள் ஹேக்கன்சாக்கில் தபால்காரராக இருந்தவர். பழைய பிரதிகளை நியூ யார்க் பொது நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் மேப்பை விரித்து, தெற்கே ஒரு பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள்.

மகன் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனான். ஓர் ஊரில் ஒரே ஒரு வீட்டு முகவரிதான் இருந்தது. "அந்த வீட்ல இடம் இல்லைன்னா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. ஸ்கேலை எடுத்து, அடுத்த ஊருக்கு எத்தனை மைல் என்று அவனே அளக்க ஆரம்பித்தான்.