நோய் பிடித்தவனைப் பாருங்கள்: ‘பயோ ஹன்டர்’ பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவன் என் பெறாமகன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், மடிக்கணினியைக் கதிரையின் மேல் வைத்துவிட்டு, "பெரியம்மா, இது உங்கள் தொழில்காரரின் பேய்ப்படம், கட்டாயம் பாருங்கள்" என்றான். 31 ஆண்டுகள் அரசாங்க ஆய்வுகூடங்களில் குருதியும் சளியும் சோதித்தவள் நான். அன்றிரவு அந்தப் படத்தைப் பிழையாகப் பார்த்தேன். அரக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் படம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. நீங்கள் முதல் முறையே சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படம் 1995இல் வந்தது. திரையரங்குக்காக அல்லாமல் நேரே வீடியோவுக்கென்று செய்யப்பட்ட யப்பானிய அசைபடம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஃபுஜிஹிக்கோ ஹொசோனோ வரைந்த சித்திரக்கதையை வைத்து மாட்ஹவுஸ் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் யூசோ சட்டோ, திரைக்கதை யொஷியாக்கி கவாஜிரி. மனிதரின் உடலைப் பிடித்து அரக்கராக மாற்றும் ஒரு வைரசு பரவுகிறது. கொமடா, கொஷிகாயா என்ற இரண்டு மூலக்கூற்று உயிரியலாளர்கள் அதை எதிர்த்து நிற்கிறார்கள். அவர்களில் கொமடாவுக்கே அந்தத் தொற்று இருக்கிறது. கதையில் இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்சத்தை நான் சொல்லப் போவதில்லை.

முதலில் யாரோடு பார்ப்பது என்பதைத் தீர்மானியுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் வீட்டில் விழித்திருக்கும்போது இதைப் போட வேண்டாம். கையால் வரைந்த படம் என்றவுடன் சிறுவர் படம் என்று நினைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இதில் குருதியும் நிர்வாணமும் உண்டு, பெண்கள் கொல்லப்படுவதும் உண்டு. கொல்லப்படும் பெண்களுக்கு வெறும் உடலைத் தவிர வேறு எதையும் படம் கொடுக்கவில்லை என்பது என் கோபம். அந்தக் கோபத்தை நான் இன்னும் கைவிடவில்லை. அதை அறிந்துகொண்டு உட்காருகிறவர்களோடு மட்டும் பாருங்கள். மூன்று பேர், கூடினால் நான்கு பேர். அதற்கு மேல் போனால் ஒருவர் பயத்தை மறைக்கச் சிரிப்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள், படம் போய்விடும்.

திருகோணமலையில் இதைப் பார்க்கக் காலம் பார்க்க வேண்டும். மாரியில் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எந்த ஒலியும் காதில் விழாது, இந்தப் படத்தில் அமைதியான இடங்கள் முக்கியமானவை. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களும் சரிப்படாது. மின்விசிறியைக் கூட்டி வைத்தால் அதன் சத்தம், நிறுத்தி வைத்தால் வியர்வை. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். இரவுச் சாப்பாட்டை முடித்து, பாத்திரங்களையும் கழுவி வைத்துவிட்டு உட்காருங்கள். படத்தின் நடுவில் யாரும் குசினிக்கு எழும்பக் கூடாது. கைபேசித் திரையில் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இருட்டில் வரைந்த நுணுக்கம் எல்லாம் அதில் கறுப்பாகிவிடும். மடிக்கணினியின் மின்கலத்தை முழுதாக நிரப்பி வையுங்கள், மின்சாரம் நின்றாலும் படம் நிற்காது.

யப்பானிய மொழிக் குரலோடு, கீழே ஓடும் எழுத்துகளோடு பாருங்கள். வீட்டில் ஆங்கில எழுத்தை வேகமாக வாசிக்க முடியாதவர் இருந்தால், தொடங்க முன் கதையின் தொடக்கத்தை மூன்று வசனங்களில் சொல்லிவிடுங்கள். ஓடும்போது மொழிபெயர்க்காதீர்கள். என் தங்கைக்கு நான் அப்படிச் செய்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

தொடங்கிய பின் முதல் பத்து நிமிடம் கதையை விட்டுவிட்டு வரைபைப் பாருங்கள். இவை கணினியில் பிறந்த படங்கள் அல்ல. தெளிந்த தாள்களில் ஒவ்வொரு அசைவையும் கையால் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்த காலத்தவை. திரையில் ஒரு செக்கனுக்கு 24 படச் சட்டங்கள் ஓடும். அத்தனைக்கும் புதிதாக வரைய யாரிடமும் பணம் இருக்காது, ஒரே வரைபை இரண்டு மூன்று சட்டங்களுக்குப் பிடித்து வைப்பார்கள். அதனால் சிலர் பேசும்போது வாய் மட்டும் அசையும், தோள் கல்லாக இருக்கும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம். சேமித்து வைத்த உழைப்பை எங்கே கொட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். உடல் உருமாறும் இடங்களில் கொட்டியிருக்கிறார்கள். தோல் இழுபட்டு, தசை புடைத்து, எலும்பு இடம் மாறும் அந்தச் சில செக்கன்களை நிறுத்தி, சட்டம் சட்டமாக நகர்த்திப் பார்த்தால், உடற்கூற்றைப் படித்த ஒருவரின் கை தெரியும். இயக்குநர் சட்டோ பின்னாளில் அதே நிறுவனத்தில் ‘கைஜி’ தொடரை இயக்கியவர். அங்கே அரக்கர் இல்லை, சூதாட்டத்தில் அகப்பட்ட மனிதரின் முகங்கள்தான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இந்தப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனையும் வைத்துக்கொள்ளுங்கள், படத்தை நிறுத்தி நிறுத்திப் பேசலாம்.

அந்த வைரசு உடலின் பரம்பரையலகுகளில், அதாவது மரபணுக்களில், கைவைக்கிறது என்று படம் சொல்கிறது. இதை அபத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். எய்ட்சு வைரசு போன்றவை தம் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி, எங்கள் கலத்தில் பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தத்துக்குள்ளேயே ஒட்டிவைத்துவிடுகின்றன. அதற்கு உதவும் நொதியத்தை 1970இல் டெமின், பால்டிமோர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கண்டார்கள், 1975இல் நொபெல் பரிசு கிடைத்தது. மனித டி.என்.ஏ.யில் ஏறத்தாழ 8 வீதம் இப்படி என்றோ நுழைந்த வைரசுகளின் எச்சம். ஆகவே உங்கள் அருகில் இருந்து படம் பார்ப்பவரின் உடலிலும் பழைய தொற்று ஒன்று குடியிருக்கிறது. படம் பிழைவிடும் இடம் வேகம். எங்கள் கலம் ஒன்று பிரிந்து இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் புதிய கை முளைக்க முடியாது. முளைக்கத் தேவையான புரதம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உண்மையில் உடலின் வடிவத்தை மாற்றும் வைரசைக் காண வேண்டுமானால் உங்கள் விரலில் வரும் மருவைப் பாருங்கள், அதுவும் தோற்கலங்களைத் தூண்டிப் பெருக்கும் ஒரு வைரசின் வேலைதான். மாதக் கணக்கில் வளரும்.

ஆய்வுகூடத்தில் அமர்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பதையும் அறிந்து பாருங்கள். திரையில் ஆய்வாளர்கள் ஓடுகிறார்கள், மோதுகிறார்கள். நாங்கள் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டது, எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. எனக்கு அந்த நாட்கள் குழாய்களின் வரிசையாகவே நினைவிருக்கின்றன. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை நேற்றைவிட இன்று எவ்வளவு விழுந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதும், கதவுக்கு வெளியே அந்தத் தாளுக்காக நிற்கும் தகப்பனின் முகத்தைப் பாராமல் இருப்பதும். அதற்கு முந்திய காலத்தில் மலேரியா. தடித்த குருதிப் பூச்சை ஜியெம்சா சாயத்தில் நனைத்து, எண்ணெய் விட்டு, நுணுக்குக்காட்டியின் 100 மடங்கு வில்லையில் கண்ணாடி வழுக்கியை நகர்த்தி நகர்த்தித் தேடுவோம். நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு எங்கள் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. கண் நோகக் குனிந்திருந்த பல்லாயிரம் காலை வேளைகளின் பெறுபேறு அது. ஒரு அரக்கனும் அதில் வெட்டி வீழ்த்தப்படவில்லை.

இப்போது கொமடா. தொடக்கத்திலிருந்தே அவன் மேல் கண் வையுங்கள். அரக்கர் திரைக்கு வரும்போதும் அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், கொஷிகாயா அவனுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறான் என்று பாருங்கள். நோயை ஆராய்பவனும் அவனே, நோயாளியும் அவனே. தனக்குள் இருப்பதைத் தன் மனவலிமையால் அடக்கி வைத்துக்கொண்டு, அதையே ஆயுதமாக்குகிறான். மனவலிமையால் எந்த வைரசும் அடங்காது. விசர்நாய் கடித்தவரிடம் போய் மனதைத் திடப்படுத்து என்று சொல்வது கொலைக்குச் சமம். அந்த வைரசு கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது, குறி வெளிப்பட்ட பின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. காயத்தை உடனே சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் 1885இல் அந்தத் தடுப்பூசியை ஒரு சிறுவனுக்குப் போட்டார், அப்போது வைரசு என்ற ஒன்றை யாரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நோய் மனிதனை மாற்றிவிடுகிறது என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. தண்ணீரைக் கண்டு நடுங்கும் நோயாளியின் பெயரைச் சீட்டில் வாசித்திருக்கிறேன். அவர் யாருக்கோ தகப்பன். அந்தப் பெயர் கடைசிவரை மாறவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் கொப்பளிப்பான் வந்தது. அம்மம்மா அதை நோய் என்றே சொல்லவில்லை, "அம்மாள் வந்திருக்கிறாள்" என்றாள். வாசலில் வேப்பிலை செருகினாள். வெள்ளைத் துணியில் என்னைக் கிடத்தி, இளநீர் பருக்கி, சொறிய விடாமல் வேப்பங்கொத்தால் தடவிவிட்டாள். வீட்டில் எவரும் என்னிடம் சத்தம் போடவில்லை. தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். வைரசைப் பற்றி அம்மம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தொற்று ஒரு தெய்வமாக வந்ததால் தொற்றியவளை வெறுக்க அந்த வீட்டில் இடமே இருக்கவில்லை. அந்த யப்பானியப் படம் தொற்றை அரக்கன் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொமடா அதிகம் விளங்குவான்.

எல்லா நோய்க்கும் நாங்கள் இந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. தொழுநோய் வந்தவர்களை மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் கொண்டுபோய் இருத்தினோம். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு சிறிய வைத்தியசாலைக்குக் காசநோய்ச் சளிச் சோதனைக்கு ஒருவர் வந்தார். கூட வந்த உறவினர் வேலிக்கு வெளியே நின்றார். தன்னுடைய தேநீர்க் கோப்பையை மதிலில் வைத்துவிடுகிறார்கள், தான் போய் எடுத்துக் குடிப்பதாக அந்த மனிதர் என்னிடம் சொன்னார். காசநோய் காற்றில் பரவுவது, கோப்பையால் அல்ல. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஆறு மாதத்தில் அவர் சுகமானார். கோப்பை மதிலிலேயே இருந்ததாகக் கேள்வி.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் படுக்கப் போகக் கூடாது. தேநீர் போடுங்கள். எந்த அரக்கன் பயங்கரம் என்ற பேச்சை எடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கொமடா இப்போது உங்கள் வீட்டுக்கு வந்தால் எந்தக் கோப்பையில் தேநீர் கொடுப்பீர்கள்? அவசரமாகப் பதில் சொல்பவரிடம் திரும்பவும் கேளுங்கள்.

என் தங்கை நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தனிக் கோப்பையில்தான் கொடுப்பேன் அக்கா, எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனால் பக்கத்தில் இருந்துதான் குடிப்பேன்" என்றாள். பெறாமகன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பதினொரு மணி வரை வாதாடிவிட்டு, கொஷிகாயா என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்காகப் படத்தை மறுபடியும் தொடக்கத்திலிருந்து போட்டோம்.