மவுஸ் அம்பின் முடுக்கத்தை நிரலிலிருந்து மாற்றுவது

எழுத்துரு வரைவது என் பொழுதுபோக்கு. வளைவின் பிடியை மெதுவாக இழுத்தால் ஒரு தூரம், அதே கையசைவைக் கொஞ்சம் வேகமாகச் செய்தால் வேறு தூரம். அளந்து வரைகிறவனுக்கு இது பெரிய தொல்லை. அதனால் வரைகருவி திறந்திருக்கும்போது மட்டும் இந்த முடுக்கத்தை (கை வேகத்துக்கேற்ப அம்பு கூடுதலாக நகர்வதை) நிறுத்திவைக்கும் சின்ன நிரல் ஒன்றை, லினக்ஸ் போன்றவற்றில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவுக்காக சி மொழியில் எழுதினேன்.

முதலில் டெர்மினலில் 'எக்ஸ்செட் கியூ' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வழக்கமாக முடுக்கம் 2/1, வரம்பு 4 என்று காட்டும். அம்பு ஒரே அசைவில் 4 பிக்சலைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் இரட்டிக்கும். 10 பிக்சல் அசைத்தால் 4 அப்படியே, மிச்சம் 6 என்பது 12, ஆக 16. எக்ஸ் நெறிமுறை சொல்லும் கணக்கு இதுதான். முடுக்கமே வேண்டாம் என்றால் 1/1.

நிரலில் இதற்கு எக்ஸ்லிப் நூலகத்தின் 'எக்ஸ்சேஞ்ச்பாயிண்டர்கண்ட்ரோல்' போதும். முதலில் டிஸ்ப்ளே, அதாவது எக்ஸ் சர்வருடனான இணைப்பு. அதற்கு அடுத்து இரண்டு ஆம்/இல்லை மதிப்புகள்: முடுக்கத்தை மாற்றவா, வரம்பை மாற்றவா. அப்புறம் பின்னத்தின் மேல் எண், கீழ் எண், வரம்பு. கீழ் எண்ணாக 0 கொடுத்தால் பிழை வரும். -1 கொடுத்தால் இயல்பு மதிப்பு திரும்பும்.

ஆனால் அந்த -1-ஐ நம்பி உட்காராதீர்கள். இந்த அமைப்பு உங்கள் சாளரத்துக்கு மட்டுமல்ல, சர்வர் முழுவதற்கும் பொது. நிரல் முடிந்த பிறகும் அப்படியே நிற்கும். பயனர் ஏற்கெனவே 3/1 வைத்திருந்தால் இயல்பு மதிப்பு அவருடையது ஆகாது. எனவே தொடங்கும்போதே 'எக்ஸ்கெட்பாயிண்டர்கண்ட்ரோல்' மூலம் பழைய மூன்று எண்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியேறும்போது திருப்பிக் கொடுங்கள்.

என் முதல் பிரதி எதையுமே மாற்றவில்லை. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு மாலை முழுவதும் போனது. கோரிக்கை சர்வருக்குப் போகாமல் இடையகத்திலேயே (தற்காலிகச் சேமிப்பிலேயே) கிடக்க, டிஸ்ப்ளேயை மூடாமல் நிரல் முடிந்துபோயிருக்கிறது! அழைப்புக்கு அடுத்த வரியில், கிடப்பதை உடனே அனுப்பிவைக்கும் 'எக்ஸ்ஃப்ளஷ்' போட்டதும் சரியானது.

சரி, இவ்வளவு செய்தும் அம்பு அசைந்து கொடுக்கவில்லையா? உங்கள் மவுஸை லிப்இன்புட் என்ற இயக்கி கையாளக்கூடும். அது இந்த எண்களைக் கண்டுகொள்ளாது. 'எக்ஸ்இன்புட் லிஸ்ட்' கொடுத்து மவுஸின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் பண்புகளில் லிப்இன்புட் முடுக்க வேகத்தைத் தேடுங்கள். -1 முதல் 1 வரை ஏற்கும். எனக்கு அதைவிட உதவியது முடுக்க வகையைத் தேர்ந்தெடுக்கும் பண்பு. அதில் முதல் எண் தகவமைப்பு வகை, இரண்டாவது சமநிலை வகை. முதலாவதை 0 ஆக்கி இரண்டாவதை 1 ஆக்கினால், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஒரே விகிதம்தான்.

எக்ஸ் விண்டோவுக்கு மாற்றாக வந்த வேலண்டில் இந்த வழி எதுவும் செல்லாது. மேசைச்சூழலின் அமைப்புப் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். என் நிரல் அங்கே பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும்படி எழுதிவிட்டேன்.