ஃப்ரீபிஎஸ்டியில் வயர்லெஸ் கார்டு: எங்கே தவறுகிறோம்?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க அமைப்பை நிறுவிய முதல் நாளில் பலர் சோர்ந்துபோவது வைஃபையில்தான். கேபிளைச் செருகினால் உடனே இணையம் வந்துவிடும், வயர்லெஸ் மட்டும் அசையாது. அந்த நேரத்தில் கை தானாகப் போவது பாஸ்வேர்டு எழுதியிருக்கும் ஃபைலுக்கு. நானும் அதை மாற்றி மாற்றி எழுதி இரண்டு இரவுகளைச் செலவழித்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பாஸ்வேர்டில் ஒரு குறையும் இல்லை, கார்டை இயக்கும் நிரலான டிரைவரே ஏறியிருக்கவில்லை.

வயர்லெஸ் இணைப்பு படிப்படியாக எழும்புவது. முதலில் கார்டு கணினியின் கண்ணில் பட வேண்டும். அதற்குரிய டிரைவர் ஒட்ட வேண்டும், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் நிரல்) ஏற வேண்டும், அதன்மேல் வயர்லெஸ் இடைமுகம் உருவாக வேண்டும், அது ரூட்டரோடு சேர வேண்டும். ஐபி முகவரி வருவது இதற்கெல்லாம் பிறகுதான். கீழ்ப்படியில் கோளாறு இருக்கும்போது மேல்படியில் கை வைப்பதால்தான் நேரம் வீணாகிறது.

பெட்டியில் உள்ள பெயரை நம்புவது

கார்டின் பிராண்டு பெயர் ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒரு பொருட்டே அல்ல, உள்ளே இருக்கும் சிப் எது என்பதுதான் கணக்கு. ஒரே பெயர், ஒரே மாடல் எண்ணில் விற்கும் யூஎஸ்பி அடாப்டருக்குள் முதல் பதிப்பில் ஒரு நிறுவனத்தின் சிப்பும் அடுத்த பதிப்பில் வேறு நிறுவனத்தின் சிப்பும் இருக்கலாம். 'இதே மாடல் எனக்கு வேலை செய்தது' என்று ஒருவர் சொல்வது உங்கள் கையில் இருப்பதற்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

சிப்பை அறிய, பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி என்ற இரண்டு விருப்பங்களோடு இயக்குங்கள். யூஎஸ்பி அடாப்டர் என்றால் யூஎஸ்பிகான்ஃபிக். பிசிஐகான்ஃப் காட்டும் ஒவ்வொரு சாதனத்தின் வரியும் டிரைவரின் பெயரோடு தொடங்கும். அந்த இடத்தில் 'நன்' (எதுவுமில்லை) என்றும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் எந்த டிரைவரும் அந்தக் கார்டை ஏற்கவில்லை என்று பொருள். அப்படியிருக்க, கணினி எழும்பும்போது படிக்கும் ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் என்ன எழுதினாலும் பயனில்லை. அதே இடத்தில் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். 8086 என்றால் இன்டெல். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, எந்த டிரைவரின் கையேட்டுப் பக்கம் அந்தச் சிப்பைச் சொல்கிறது என்று தேடுங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் ஃப்ரீபிஎஸ்டியை ஓட்டுபவர்கள் வயர்லெஸ் கார்டைத் தேடவே வேண்டாம். கணினியின் வைஃபை உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்கு ஒரு சாதாரண கேபிள் கார்டாகத்தான் தெரியும். அதுவே போதும்.

பழைய குறிப்புகளைப் பின்பற்றுவது

இதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்பது என் எண்ணம். 2009இல் வந்த 8.0 பதிப்பில் ஃப்ரீபிஎஸ்டியின் வயர்லெஸ் அமைப்பே மாறிவிட்டது. அதற்கு முன் கார்டின் பெயரிலேயே நேரடியாக எல்லாவற்றையும் அமைத்தார்கள். 8.0 முதல் கார்டு அடியில் இருக்கும், அதன்மேல் டபிள்யூலேன்0 என்ற இடைமுகத்தை நாம் உருவாக்க வேண்டும். பாஸ்வேர்டு, முகவரி, ஸ்கேன் எல்லாம் டபிள்யூலேன்0க்குத்தான். பழைய குறிப்பைப் பார்த்துக் கார்டின் பெயருக்கு அமைப்பு எழுதினால் ஒன்றும் நடக்காது.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. 11.0 முதல், நெட்வொர்க் இடைமுகங்களைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையின் பட்டியலில் அடியில் உள்ள கார்டு தெரியவே தெரியாது. கார்டு செத்துவிட்டது என்று நினைத்து சிஸ்டத்தையே மறுபடி நிறுவியவர்கள் இருக்கிறார்கள். சிஸ்கன்ட்ரோல் கட்டளையிடம் நெட்.டபிள்யூலேன்.டிவைசஸ் என்று கேட்டால் அது கார்டின் பெயரைச் சொல்லிவிடும்.

விண்டோஸ் டிரைவரை உறைபோட்டு ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டும் என்டிஐஎஸ் வழி ஒரு காலத்தில் இருந்தது. பழைய எக்ஸ்பி கால டிரைவர்களோடு அது ஓடியது. 14.0 பதிப்பில் அது இல்லை, எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும் குறிப்பைக் கண்டால் கடந்து போய்விடுங்கள். லினக்ஸ் குறிப்புகளும் அப்படியே. ஐடபிள்யூகான்ஃபிக் போன்ற கட்டளைகள் இங்கே கிடையாது, ஃபைல்கள் இருக்கும் இடங்களும் வேறு. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயக்க அமைப்பில்கூட வேறு வழிதான். அங்கே டபிள்யூலேன்0 என்று தனியாக எதையும் உருவாக்குவதில்லை, கார்டின் பெயரிலேயே அமைப்பு.

ஃபர்ம்வேரை மறப்பது

டிரைவர் ஒட்டிவிட்டது, ஆனால் ஸ்கேன் செய்தால் ஒன்றும் வரவில்லையா? சிஸ்டத்தின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் ஃபர்ம்வேர் பற்றிய புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பல வயர்லெஸ் சிப்புகளுக்குள் தனியாக ஒரு சின்ன ப்ராசஸர் இருக்கிறது. அதில் ஓட வேண்டிய நிரலை ஒவ்வொரு முறையும் இயக்க அமைப்புதான் ஏற்றிவிட வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். அதன் உரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால் சில சிப்புகளுக்கு அது சிஸ்டத்தோடு வராது. பிராட்காம் கார்டுகளில் இது வழக்கம். இன்டெலின் மிகப் பழைய சில கார்டுகளுக்கு கணினி பூட் ஆகும்போது படிக்கும் லோடர்.கான்ஃப் ஃபைலில் உரிம ஒப்புதல் வரி ஒன்றையும் சேர்க்க வேண்டும், அது இல்லாமல் ஃபர்ம்வேர் ஏறாது.

14 முதல் எஃப்டபிள்யூகெட் என்ற கட்டளை வந்திருக்கிறது. கணினியில் உள்ள சாதனங்களைப் பார்த்து வேண்டிய ஃபர்ம்வேர் பேக்கேஜை அதுவே எடுத்துவரும். ஆனால் அதற்கும் இணையம் வேண்டுமே! கேபிள் இல்லாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழி இது: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போடுங்கள். யூஆர்என்டிஐஎஸ் டிரைவர் அதைப் பிடித்து யூஇ0 என்று ஓர் இடைமுகத்தைக் காட்டும். அதன்மேல் ஐபி முகவரி வாங்கித் தரும் டிஎச்கிளையன்ட் கட்டளையை ஓட்டினால் இணையம் வந்துவிடும்.

ஆர்சி.கான்ஃப் ஃபைலில் ஒரு மேற்கோள் குறி

இந்த ஃபைலில் இரண்டே வரிகள் போதும். எந்தக் கார்டின்மேல் டபிள்யூலேன்0 உருவாக வேண்டும் என்பது ஒன்று, டபிள்யூலேன்0க்கு டபிள்யூபிஏவும் (பாஸ்வேர்டு பாதுகாப்பு) டிஎச்சிபியும் (தானாக முகவரி வாங்குவது) வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வரியில் டபிள்யூபிஏ என்று மட்டும் எழுதிவிட்டு முகவரி வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

ஆர்சி.கான்ஃப் உண்மையில் ஒரு ஷெல் நிரல். சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. மேற்கோள் குறியைத் திறந்து மூட மறந்தால் கணினி முழுதாக எழும்பாமல் பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலையில் நின்றுவிடும். அங்கே சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் ரூட் பகுதி படிக்க மட்டுமே திறந்திருப்பதால், மவுன்ட் கட்டளையால் அதை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் பிழையைத் திருத்த முடியும். எடிட்டரில் திறக்காமல் சிஸ்ஆர்சி கட்டளையால் வரிகளைச் சேர்த்தால் இந்த ஆபத்தே வராது.

பாஸ்வேர்டு ஃபைல்

பாஸ்வேர்டைக் கொண்டு ரூட்டரோடு சேர்க்கும் நிரலான டபிள்யூபிஏ சப்ளிகன்டின் ஃபைலிலும் சமக்குறியை ஒட்டி இடைவெளி கூடாது. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட 64 எழுத்துக் குறியீட்டை எழுதுவதானால் மேற்கோள் குறி போடக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. நெட்வொர்க் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. பெயரை மறைத்து வைத்திருக்கும் ரூட்டர் என்றால் ஸ்கேன் எஸ்எஸ்ஐடி என்ற வரியை 1 என்று சேர்க்க வேண்டும். ஃபைலை ரூட் (நிர்வாகி) தவிர யாரும் படிக்க முடியாதபடி 600 என்ற அனுமதி கொடுங்கள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று சப்ளிகன்டைக் கையால் ஒரு முறை ஓட்டுவதும் வேண்டாம். சிஸ்டம் ஏற்கெனவே ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே கார்டுக்காக மோதிக்கொண்டால் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சேனல்

போனில் தெரியும் நெட்வொர்க் ஃப்ரீபிஎஸ்டி ஸ்கேனில் மட்டும் இல்லையா? ரூட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கலாம். நாடு எது என்று சொல்லாவிட்டால் அமெரிக்க விதிப்படி 1 முதல் 11 வரைதான் பார்க்கும். நாட்டின் குறியீட்டை டபிள்யூலேன்0 உருவாகும் நேரத்திலேயே கொடுக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் எப்போதும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். லேப்டாப்பின் ஓரத்தில் ரேடியோவை அணைக்கும் சின்னச் சுவிட்ச் இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள்.

சேர்ந்த பிறகும் இணையம் இல்லை

ஐஎஃப்கான்ஃபிக் காட்டும் ஸ்டேட்டஸ் வரியில் 'அசோசியேட்டட்' (சேர்ந்துவிட்டது) என்று நிலையாக இருந்தால் கார்டு, டிரைவர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் விட்டுவிடலாம். இனி முகவரி வந்ததா, ரூட்டருக்கு பிங் போகிறதா, வெளியே ஓர் எண் முகவரிக்குப் போகிறதா, பெயரைச் சொன்னால் போகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கேபிளும் செருகியிருந்தால் இணையத்துக்கான வழி (டீஃபால்ட் ரூட்) அந்தப் பக்கம் போயிருக்கலாம். 'நோ கேரியர்' என்றே நின்றால் திரும்பவும் கீழ்ப்படிக்குப் போங்கள். அந்த நிலையில் டிஎச்கிளையன்டை எத்தனை முறை ஓட்டினாலும் முகவரி கிடைக்காது.

வேகம் குறைவு என்பதும் எப்போதும் உங்கள் தவறாக இருக்காது. இன்டெல் கார்டுகளின் ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவருக்கு 802.11என், 802.11ஏசி என்ற வேகமான வைஃபை முறைகளின் ஆதரவு 2025இல் வந்த 14.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பில் 54 மெகாபிட்டைத் தாண்டாத இணைப்பைப் பார்த்து அமைப்பைக் குடைய வேண்டாம். பதிப்பைப் புதுப்பியுங்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் உதவி கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு எண், பிசிஐகான்ஃபில் அந்தக் கார்டின் வரிகள், டிமெசேஜில் டிரைவரின் பெயர் வரும் வரிகள், டபிள்யூலேன்0இன் ஐஎஃப்கான்ஃபிக் வெளியீடு ஆகிய நான்கையும் அப்படியே ஒட்டிக் கேளுங்கள். சப்ளிகன்ட் ஃபைலையும் சேர்ப்பதானால் பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்புங்கள்.