கோப்ரா முகடு, கயர் ஏரி: கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

நேபாளத்தின் போக்ராவிலிருந்து மலையேறக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டே பாதைகளில் பிரிந்துவிடுவார்கள். ஒரு கூட்டம் பூன் ஹில்லில் சூரிய உதயம் பார்க்கப் போகும், இன்னொன்று அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கு. பூன் ஹில்லுக்கு வடக்கே, அன்னபூர்ணா சவுத் சிகரத்திலிருந்து இறங்கி வரும் ஒரு நீண்ட முதுகின்மேல் இருக்கிறது கோப்ரா டாண்டா என்னும் கோப்ரா முகடு. உயரம் சுமார் 3,660 மீட்டர். மேற்கே காளி கண்டகிப் பள்ளத்தாக்கு சரிந்து இறங்க, அதற்கு அந்தப் பக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி முழு உருவமும் தெரிய நிற்கும். முக்திநாத்துக்கு, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்துக்கு, நம் ஊர் யாத்ரிகர்கள் ஜீப்பில் போகும் சாலை அந்தப் பள்ளத்தாக்கின் அடியில்தான் ஓடுகிறது.

முகட்டிலிருந்து இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கயர் ஏரி. கரையில் கயர் பராஹியின் சின்னக் கோயில் இருக்கிறது. நாம் வாராஹி என்று கும்பிடும் அம்மன்தான். போக்ராவில் பேவா ஏரி நடுவே படகில் போய்த் தரிசிக்கும் தால் பராஹியும் அவளே. ஏரிக்கு மேலே நிற்கும் 7,647 மீட்டர் சிகரத்துக்கும் வராக சிகரம் என்றுதான் பெயர்.

கூட்டம் இல்லாத பாதை என்பதால் இதைச் சுலபமான பாதை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். முதல் தவறு அதுதான், மற்ற பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன. பேஸ் கேம்ப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு டீக்கடை வரும். தலைவலி என்று உட்கார்ந்தால் யாராவது விசாரிப்பார்கள். கோப்ராவுக்கு மேலே கடை கிடையாது, படுக்க இடம் கிடையாது, ஆளும் கிடையாது. அமைதி வேண்டும் என்று வருகிறவர் அதற்கான ஏற்பாட்டையும் தானே செய்துகொள்ள வேண்டும்.

ஏரியை ஒரு உபரியாக நினைப்பது

பயணத் திட்டம் போடும்போது பலரும் இப்படி எழுதிக்கொள்கிறார்கள்: முதல் நாள் உல்லேரி, அடுத்து கோரேபானி, பூன் ஹில், பிறகு ஸ்வாந்தா, சிஸ்திபுங், கோப்ரா, "நேரம் இருந்தால் கயர் ஏரி". இப்படி எழுதினால் நேரம் இருக்கவே இருக்காது.

இந்தப் பயணத்தின் உண்மையான மலையேற்றமே ஏரிக்குப் போகும் அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களெல்லாம் ஊருக்கு ஊர் நடப்பது. ஏரி நாளில் மட்டும் ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டர் ஏறி, அதே நாளில் அவ்வளவும் இறங்க வேண்டும். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு மூன்றோ நான்கோ என்று வைத்துக்கொள்ளலாம். பாதை புல்வெளிச் சரிவில், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று நீளும். நடுவில் இடையர்கள் ஆடு, எருமைகளோடு தங்கும் கல் கொட்டில்கள் வரும். மழைக்காலம் போனபின் அவையும் காலியாகத்தான் கிடக்கும்.

ஆகவே என் யோசனை: நாள் குறைவு என்றால் பூன் ஹில்லை விட்டுவிடுங்கள். அங்கே தெரியும் சிகரங்களை கோப்ரா முகட்டில் இன்னும் பக்கத்தில், வரிசையில் நிற்காமல் பார்க்கலாம். மிச்சமாகும் நாளைக் கோப்ராவில் போடுங்கள். அந்த ஒரு இரவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது உயரக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

உயரத்தைக் கால் பலத்தால் அளப்பது

தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். கோப்ராவுக்கு முந்தைய இரவு தங்கும் சிஸ்திபுங்கே 2,975 மீட்டர். அதாவது நம் மாநிலத்தில் எங்கே ஏறிப் பழகியிருந்தாலும் இந்தப் பாதையின் பாதி உயரம் உடம்புக்குப் புதிது. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் இரவோடு இரவாக ஏறி இறங்கியவர் என்றால் கால் தயார், மூச்சும் ஓரளவு தயார். குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகுவது வேறு கணக்கு, அதற்கு வேண்டியது நாட்கள்தான். 4,600 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். ஜிம்முக்குப் போகிற இளைஞனையும் அது விடாது. சொல்லப்போனால், வேகமாக ஏறிவிடுகிற இளைஞர்கள்தான் முதலில் படுக்கிறார்கள்.

மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். இப்போது சாலை மேலே வரை வந்துவிட்டதால் ஜீப்பில் ஸ்வாந்தா பக்கம் இறங்கி, மறுநாள் சிஸ்திபுங், அதற்கடுத்த நாள் கோப்ரா என்று போய்விட முடிகிறது. தூங்கும் உயரம் 2,200, 2,975, 3,660. கடைசித் தாவல் மட்டும் 685 மீட்டர். அதற்கு மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து 4,600 மீட்டருக்கு ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தாடாபானி, டோபாட்டோ வழியாக வந்தால் முன்பே 3,400 மீட்டரில் ஒரு இரவு தூங்கியிருப்பீர்கள். அது கொஞ்சம் நல்லது. எந்தப் பக்கம் வந்தாலும் ஏரிக்கு முன் கோப்ராவில் இரண்டு இரவு தங்குவதே சரி. நடுவில் வரும் பகலில் ஏரிப் பாதையில் ஒரு மணி நேரம் மெதுவாக ஏறி இறங்குங்கள், மற்ற நேரம் சாப்பிட்டுக்கொண்டும் வெயில் காய்ந்துகொண்டும் இருங்கள்.

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமை ஆகியவை பலருக்கும் வரும். அப்போது மேலே போகாமல் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். "மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடலாம்" என்பதுதான் ஆபத்தான பேச்சு. வலிமாத்திரை தலைவலியை மறைக்குமே தவிர நோயைத் தடுக்காது. டயமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு உடம்பு பழகுவதற்கு உதவும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லோரும் அதை எடுக்க முடியாது. ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், பக்கத்து அறைக்காரர் நீட்டுகிறார் என்று விழுங்காதீர்கள்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் குழுவில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் நுனிவிரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். குடித்தவர் போலத் தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் கூடிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் சேர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டார்ச் அடித்துக்கொண்டாவது, ஒரு துணையோடு இறக்கிவிட வேண்டும். அவரைத் தனியாக மட்டும் அனுப்பவே கூடாது.

ஏரி நாளின் தவறுகள்

தாமதமாகக் கிளம்புவதில் தொடங்கும் எல்லாம். இந்த மலைகளில் காலை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பத்து பதினொன்றுக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். ஏறியபின் பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் தெரியாது, புல்வெளியில் ஆட்டுத்தடம் எது, பாதை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. விடிவதற்கு முன் ஹெட்லாம்ப்போடு கிளம்பிவிடுங்கள். எந்த மணிக்குத் திரும்புவது என்பதை முந்தைய இரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரம் வந்ததும், ஏரி அடுத்த மேட்டுக்குப் பின்னால்தான் என்று வழிகாட்டி சொன்னாலும் திரும்பிவிட வேண்டும். இது எழுதும்போது எளிது. அங்கே நின்றுகொண்டு செய்வது மகா கஷ்டம். அதனால்தான் முந்தைய இரவே பேசச் சொல்கிறேன்.

வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவது அடுத்தது. முகட்டில் ஊற்றுகள் குறைவு, வறண்ட மாதங்களில் நம்பவே முடியாது. ஆளுக்கு மூன்று லிட்டர், மதியச் சாப்பாடு, கொஞ்சம் வெல்லக் கடலைமிட்டாய், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் பையில் இருக்க வேண்டும். லாட்ஜில் முந்தைய மாலையே சொல்லிவைத்தால் ரொட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு கட்டிக் கொடுப்பார்கள். விடிகாலையில் கேட்டால் அடுப்பே எரிந்திருக்காது.

உள்ளூர்க்காரர்களைப் பார்த்து அளவெடுப்பதும் உண்டு. ஏரிக்கு யாத்திரை கூடும் நாள் ஜனை பூர்ணிமா. நம் ஊரில் ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமிதான், அங்கேயும் அன்று பூணூல் மாற்றுகிறார்கள், கையில் காப்பு நூல் கட்டுகிறார்கள். சுற்றுக் கிராமத்து மகர் மக்கள் கொட்டும் மழையிலும் சாதாரணச் செருப்போடு ஏறிப் போவார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்தே அந்த மலைகளில் இருக்கிறவர்கள். மழைக்காலத்தில் கீழே காடு முழுக்க அட்டை, மேலே வழுக்குச் சரிவு, சிகரங்களோ கண்ணில் படாது. திருவிழா பார்க்க வேண்டும் என்ற தீர்மானம் இருந்தால் ஒழிய அந்த மாதத்தில் போக வேண்டாம். அக்டோபர், நவம்பர் மிக நல்லது. மார்ச் கடைசி, ஏப்ரலில் காடெல்லாம் லாலிகுராஸ் என்ற ரோடோடெண்ட்ரான் பூத்துச் சிவந்திருக்கும், ஆனால் மேல் பாதையில் பனி மிச்சம் இருக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை முகடு வரை போனாலும், ஏரியைப் பனியில் நடந்து பழகியவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது. பாதையே மூடிக் கிடக்கும்.

ஏரிக்கரை கோயில் வாசல்தான். அதில் இறங்கிக் குளிப்பது, கைகால் கழுவுவது, சாக்ஸ் அலசுவது எதுவும் கூடாது. தீர்த்தம் எடுக்க வேண்டுமானால் பாத்திரத்தில் மொண்டு தள்ளி வந்து தெளித்துக்கொள்ளலாம். ஊதுபத்தி கவரும் கற்பூர டப்பாவும் திரும்பக் கீழே வர வேண்டும், அங்கே கூட்டுவதற்கு ஆள் இல்லை. ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் அந்த இடத்தில் அந்தச் சத்தம் தேவையா என்று யோசியுங்கள்.

லாட்ஜில், வழியில்

இந்தப் பாதையில் உள்ள லாட்ஜுகள் சில கிராமச் சமூகத்துக்குச் சொந்தமானவை. நாங்கி கிராமத்துக்காரரான மகாவீர் புன், மலைக் கிராமங்களுக்குக் கம்பியில்லா இணையம் கொண்டுவந்ததற்காக 2007-ல் மகசேசே விருது பெற்றவர், இந்தப் பாதையையும் சமூக லாட்ஜுகளையும் உருவாக்கியதில் முன்னணியில் நின்றவர். வருமானம் பள்ளிக்கூடம் போன்ற ஊர் வேலைகளுக்குப் போகிறது. அங்கே போய் அறை வாடகையில் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவது அழகல்ல. அறை குறைவு என்பதால் அக்டோபரில் முன்கூட்டியே சொல்லாமல் போனால் சாப்பாட்டுக்கூடத்து பெஞ்சில்தான் படுக்கை கிடைக்கும்.

சாப்பாட்டில் தால் பாத்தை மிஞ்சியது கிடையாது. சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். பத்துப் பேர் பத்து விதமாக ஆர்டர் செய்தால் ஒரே அடுப்பில் இரவு ஒன்பது மணி ஆகிவிடும். எச்சில் பார்ப்பது நம் பாட்டிகளைப் போலவே அங்கும் உண்டு. சாப்பிட்ட கரண்டியைப் பொதுப் பாத்திரத்தில் விடாதீர்கள், அழைக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழையாதீர்கள்.

கோவேறு கழுதைகள் வரிசையாக எரிவாயு சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமந்து வரும். மணிச்சத்தம் கேட்டதும் மலைப்பக்கம் ஒட்டி நின்றுவிடுங்கள். போட்டோ எடுக்கப் பள்ளத்துப்பக்கம் நின்றவரை மூட்டை ஒரு இடி இடித்தால் பிடிக்க எதுவும் இருக்காது.

காகிதம், காசு, காப்பீடு

இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றதும் அனுமதியும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச்சீட்டு கட்டாயம். நாமும் அடங்கும் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், போக்ராவிலேயே வாங்கலாம். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலையேறிகளுக்கு வழிகாட்டி வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும், ஏரி நாளுக்கு உள்ளூர் ஆள் இல்லாமல் போகவே வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரை மட்டும் நம்பிப் போனால் விமான நிலையத்திலேயே நிற்க வேண்டியதுதான். போக்ரா கடைகளில் யுபிஐ ஓடும், முகட்டில் ஓடாது. வேண்டிய அளவு நேபாளப் பணத்தை போக்ராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் "மலையேற்றம் உண்டு" என்ற வரியோடு நிறுத்தாமல் எத்தனை மீட்டர் வரை என்று பாருங்கள். பல பாலிசிகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். 5,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து என்று எழுத்தில் இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஹெலிகாப்டர் அழைத்துக் காப்பீட்டுப் பணம் கறக்கும் மோசடிகளை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. அதனால் ஹெலிகாப்டருக்குச் சம்மதிக்கும் முன், முடிந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணில் நீங்களே பேசிவிடுங்கள். நடக்க முடிகிறவருக்கு, இறங்கி நடப்பதே பெரும்பாலும் போதும்.

கடைசியாக இறக்கம். கோப்ராவிலிருந்து பௌத்வார் வழியாகத் தாதோபானிக்கு ஒரே நாளில் இறங்கிவிடலாம், வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம் என்று பலருக்கு ஆசை. தாதோபானி சுமார் 1,190 மீட்டர், கோப்ரா 3,660. ஏறக்குறைய 2,500 மீட்டர் இறக்கம், பெரும்பகுதி கற்படி. முந்தைய நாள் ஏரிக்குப் போய் வந்த முழங்கால் அதைத் தாங்காது. நடுவில் ஒரு இரவு தங்கி, கைத்தடி ஊன்றி இறங்குங்கள். தாதோபானியிலிருந்து பேனி வழியாகப் போக்ரா போகும் சாலையில் மண் சரிந்தால் அரை நாள் நிற்க வேண்டியிருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானத்தை அன்று மாலைக்கே போட்டு வைக்காமல் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.