அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் பழைய சூப்பர்சார்ஜர்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில் தோப்பு வீட்டு ஷெட்டுகளில் இன்னும் பெட்ரோல் அம்பாசிடர்கள் நிற்கின்றன. டீசல் வண்டிகளை விட்டுவிடுங்கள். நான் சொல்வது பிஎம்சி பி-சீரிஸ் வகை 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இதே குடும்பத்தில் பின்னால் வந்த 1798 சிசி எஞ்சின்தான் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. சூப்பர்சார்ஜர் (ப்ளோயர் என்றும் சொல்வோம்) என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பம்ப். அந்த எம்ஜிபிக்கு ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரும் ஒற்றை எஸ்யூ கார்புரேட்டரும் சேர்ந்த தயார் கிட் ஒன்றையே வெளிநாட்டில் விற்றார்கள். ஆகவே நாம் செய்யப்போவது யாரும் பார்க்காத வேலை அல்ல.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நம் 1489-இல் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். அதனால் இந்தக் குறிப்பு முழுவதும் 5 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் 4800 ஆர்பிஎம்முக்கும் உள்ளேயே நிற்கும். அதற்கு மேல் ஆசைப்படுபவர்கள் முதலில் எஞ்சினின் கீழ்ப்பாதியைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்த வழக்கும் கேரளாவிலிருந்து போனதுதான். ஆர்டிஓ அனுமதி கையில் இல்லாமல் இந்த வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். டிரெய்லரில் ஏற்றி, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளத்தில் நேரம் கேட்டு ஓட்டுங்கள். மற்ற நாளில் சொந்த நிலம்.

எஞ்சின் தகுதியானதா?

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பிளக் நான்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுதாக அழுத்தியிருக்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வால்வையும் ரிங்கையும் பாருங்கள். ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினாலும் அப்படியே. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்து, புது ஹோஸ் போடுங்கள். தளர்ந்த எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால், உடைய வேண்டியது சீக்கிரம் உடையும், அவ்வளவுதான்.

காயலான் கடையில் என்ன பார்ப்பது

நம் பக்கத்துக்குக் கோவை உக்கடம்தான் சந்தை. தேட வேண்டியது ஈட்டன் எம்45. 2000-க்குப் பின் வந்த மெர்சிடிஸ் சி-கிளாஸ் கம்ப்ரஸர் மாடல்களில் இந்த வகை வந்தது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் உடம்பில் உள்ள தகட்டையும் வார்ப்பு எண்ணையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி காற்றைத் தள்ளும்.

உள்ளே முறுக்கிய மூன்று இதழ் கொண்ட இரண்டு ரோட்டர்கள் இருக்கும். கரும்புச்சாறு மிஷின் மாதிரி நடுவில் நசுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்று ரோட்டர்களுக்கு வெளிப்பக்கம், சுவரோரமாகப் போகிறது. ரோட்டரும் சுவரும் ஒன்றையொன்று தொடவே கூடாது. எனவே டார்ச் அடித்து ரோட்டர் பூச்சைப் பாருங்கள். கருப்புப் பூச்சு லேசாகத் தேய்ந்திருந்தால் பரவாயில்லை. அலுமினியத்தில் கோடு கீறியிருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள், வாங்காதீர்கள். புல்லியைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும், கரகரவென்று உணரக் கூடாது. பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் கேரளாப் பக்கம் முக்கியம். 2018 வெள்ளத்தில் இங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. நீரில் நின்ற சூப்பர்சார்ஜர் வெளியே பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கும், உள்ளே பேரிங் துரு பிடித்திருக்கும். மூக்குப் பகுதியில் ஆயில் பிளக் ஒன்று உண்டு. கடையிலேயே அதைத் திறந்து ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள். கருத்து நாற்றமடித்தால் பழைய ஆயில், மாற்றிவிடலாம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்குள் ஊற்றுவது சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் சிந்தெடிக் ஆயில். எஞ்சின் ஆயில் ஊற்றக் கூடாது.

புல்லிக் கணக்கு

லேத் பட்டறையில் முதல் கேள்வியே "எத்தனை எம்எம்ங்க?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குமுன் காகிதத்தில் போட்டுவிடுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதியைத்தான் இழுக்கும். 1489-இல் பாதி 744 சிசி. எம்45 ஒரு சுற்றில் தருவது 737. கிராங்கும் ப்ளோயரும் சம வேகத்தில் சுற்றினால் எஞ்சின் எப்படியும் இழுக்கும் காற்றுதான் கிடைக்கும், அழுத்தம் ஏறாது. ப்ளோயர் 1.36 மடங்கு வேகமாகச் சுற்றினால் 1002 சிசி வரும். 1002-ஐ 744-ஆல் வகுத்தால் 1.35. வெளிக்காற்றைவிட 0.35 பார் கூடுதல், ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. கசிவு இதைக் கொஞ்சம் குறைக்கும், சூடு கொஞ்சம் ஏற்றும். தொடங்குவதற்கு இந்தக் கணக்கு போதும். கிராங்க் புல்லி 130 எம்எம் என்றால் ப்ளோயர் புல்லி 95 எம்எம். உங்கள் புல்லியை அளந்து இதே கணக்கைப் போடுங்கள். 4800 ஆர்பிஎம்மில் ப்ளோயர் 6600-ஐத் தொடாது. அது தாங்கும் வேகத்தில் இது பாதி கூட இல்லை.

பழைய வி-பெல்ட் இந்தச் சுமைக்குப் போதாது, வழுக்கும். அது டைனமோவையும் வாட்டர் பம்பையும் வழக்கம்போல் ஓட்டட்டும். பழைய கிராங்க் புல்லியின் முகத்தில் ஆறு வரி பெல்ட்டுக்கான இரண்டாவது புல்லியைக் கடைந்து போல்ட் போட்டு மாட்டுங்கள். நடுவில் ஹேண்டில் போட்டுச் சுற்றும் பெரிய நட் இருக்கும். புதுப் புல்லியின் துளை அதைத் தாண்டி உட்கார வேண்டும். மாட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 எம்எம்மைத் தாண்டக் கூடாது. இதில் சோம்பல் பட்டால் பெல்ட் வாரம் ஒன்று போகும்.

பிராக்கெட்டும் மேனிஃபோல்டும்

ப்ளோயர் பிராக்கெட்டை எஞ்சினோடு மட்டும் இணையுங்கள், பாடியோடு வேண்டாம். எஞ்சின் தன் ரப்பரில் ஆடும், பாடி ஆடாது. 12 எம்எம் தகடு போதும். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். ஏதாவது புது வண்டியின் டென்ஷனரையும் ஐட்லரையும் போட்டு, சின்னப் புல்லியில் பாதிச் சுற்றாவது பெல்ட் தழுவும்படி அமையுங்கள்.

இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட். மூன்று எக்ஸாஸ்ட் போர்ட்டும் அதே பக்கம்தான். பழைய இன்டேக் மேனிஃபோல்டை (காற்று உள்ளே போகும் கிளைக்குழாய்) கழற்றிவிட்டு, 10 எம்எம் ஃபிளான்ஜும் குழாயும் வெல்டிங் செய்து புதியது ஒன்று செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் சூடு இதற்கு ஏறாமல் நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வையுங்கள். வெல்டிங் முடிந்ததும் வாய்களை அடைத்து, 5 பிஎஸ்ஐ காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒரு குமிழி கூட வரக் கூடாது.

முதல்முறை செய்பவர்கள் கார்புரேட்டரை ப்ளோயருக்கு முன்னால் வையுங்கள். அழுத்தம் கார்புரேட்டருக்கு வராது, எனவே பழைய பெட்ரோல் பம்ப்பே போதும், டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயும் அழுத்தத்தைப் பார்க்காது. பெட்ரோல் ஆவியாகும்போது காற்றையும் கொஞ்சம் குளிர்விக்கும். பழைய சின்ன கார்புரேட்டர் மூச்சுத் திணறும். 1¾ அங்குல எஸ்யூ ஒன்று தேடுங்கள், அதன் நீடிலை ரிச்சான (பெட்ரோல் கூடுதலான) பக்கம் மாற்றத் தயாராக இருங்கள்.

இந்த அமைப்பில் ஒரு ஆபத்தும் உண்டு. மேனிஃபோல்ட் முழுக்கப் பெட்ரோல் கலந்த காற்று நிற்கும். பேக்ஃபயர் ஆனால், அதாவது சிலிண்டரின் தீ பின்னால் மேனிஃபோல்டுக்கு வந்தால், ப்ளோயரே வெடிக்கலாம். எனவே மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வ் கட்டாயம், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் கட்டாயம். பைபாஸ் வால்வையும் விட்டுவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது அது திறந்து, ப்ளோயரைச் சுமையில்லாமல் சுற்ற விடும். அதன் வாக்குவம் குழாய், கார்புரேட்டருக்கும் ப்ளோயருக்கும் நடுவிலிருந்து வர வேண்டும். கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயிலும், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் குழாயிலும் ஒருவழி வால்வ் போடுங்கள்.

தீப்பொறியும் பெட்ரோலும்

பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் மத்தியானம் 40 டிகிரி சாதாரணம். அந்தக் காற்றை 5 பிஎஸ்ஐக்கு அழுத்தினால் ப்ளோயரிலிருந்து வெளியே வரும்போது, பெட்ரோல் தரும் குளிர்ச்சியைக் கழிக்காமல், 90 டிகிரியை நெருங்கும். நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வருவது இந்தச் சூட்டில்தான். பாலக்காட்டு டிசம்பர் காலையில் செட்டிங் செய்துவிட்டுச் சித்திரை வெயிலில் ஓட்டாதீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் செட் செய்யுங்கள், குளிர்ந்த நேரத்தில் நாக்கிங் பயம் தானாகவே குறையும்.

ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் தீப்பொறி டைமிங்கைப் பின்தள்ளித் தொடங்குங்கள், இங்கே ஐந்து டிகிரி. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 எம்எம். 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் போடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை இன்னும் லீனாகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்), பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப்போகும். குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்.

செலவில் எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சரில் மட்டும் வேண்டாம். எக்ஸாஸ்டில் அதைப் பொருத்தி லாம்டா அளவில் படியுங்கள். காற்றும் பெட்ரோலும் சரியாக எரியும் கலவை லாம்டா 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். எத்தனால் எவ்வளவு கலந்தாலும் லாம்டா ஏமாற்றாது. அழுத்தம் இருக்கும்போது 0.80-க்கும் 0.85-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 0.9-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

காயில் வயரைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடியுங்கள். அடுத்து, ப்ளோயர் பெல்ட் மாட்டாமலே ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்குக்கு வேண்டிய காற்று பைபாஸ் வழியாகப் போகும். பெட்ரோல் ஒழுகல், காற்றுக் கசிவு எல்லாம் இந்த நிலையில் பிடித்துவிடலாம். சரி என்றால் பெல்ட் போட்டு, எஞ்சின் சூடாகும்வரை ஐட்லிங்.

ஓடுதளத்தில் மூன்றாவது கியர், 2000 ஆர்பிஎம்மிலிருந்து பாதி ஆக்ஸிலரேட்டர். பக்கத்தில் ஒருவர் லாம்டாவையும் பூஸ்ட் கேஜையும் மட்டும் பார்த்துச் சத்தமாகச் சொல்லட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள், காதை எஞ்சினில் வையுங்கள். கூழாங்கல் டப்பாவில் உருளும் மாதிரி நாக்கிங் சத்தம் ஒரு நொடி கேட்டாலும் காலை எடுத்து, டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி பின்தள்ளுங்கள். சத்தம் இல்லை, லாம்டா சரி என்றால் மட்டுமே முழு ஆக்ஸிலரேட்டர்.

இரண்டு மூன்று ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, வண்டியை அப்படியே உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கானில் வெளிர் பழுப்பு நல்லது. வெள்ளை வெளேரென்றோ, அலுமினியப் பொட்டு மினுங்கியோ இருந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. இல்லையென்றால் எஞ்சின் ஆறியதும் ஹெட் நட், மேனிஃபோல்ட் நட், பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கி, பெல்ட் டென்ஷனையும் சரிபார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் போகலாம்.