தனியார் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ‘வருஷத்துக்கு எவ்வளவு?’ என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த வழியாகச் சேர்கிறோம் என்பது. உதவித்தொகையில் பாதி அதிலேயே முடிவாகிவிடும்.

படி 1: சேரும் வழி

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள தனியார் கல்லூரியில் அரசு கவுன்சலிங் மூலம் சேர்ந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரி சலுகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் சேர்க்கையில் இந்த இரண்டும் கிடையாது. முதல் பட்டதாரி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பதில் பயனில்லை.

படி 2: நாலு வருஷக் கணக்கு

டியூஷன் ஃபீஸ், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், காஷன் டெபாசிட் (முன்வைப்புத் தொகை), லேப்டாப் எல்லாவற்றையும் நாலு வருஷத்துக்கும் எழுதுங்கள். ஆண்டுதோறும் ஃபீஸ் ஏறுமா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள்.

படி 3: பல்கலைக்கழகம் தரும் ஸ்காலர்ஷிப்

‘50 சதவீதம் தள்ளுபடி’ என்றால் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸில் மட்டும்தான். விடுதிக்கு முழுப் பணம் போகும். அப்புறம், சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி மதிப்பெண் புள்ளி) குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலோ அரியர் விழுந்தாலோ அடுத்த வருஷம் சலுகை நின்றுபோகலாம். அந்த நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் அரியர் வைப்பது ஒன்றும் அதிசயமில்லை.

படி 4: கல்விக் கடன்

வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 4 லட்சம் வரை நம் கைப்பணம் எதுவும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வருஷம் 2 லட்சம் வீதம் நாலு முறை வாங்கினால் கடன் 8 லட்சம். 10 சதவீதத் தனிவட்டி என்றால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 2.8 லட்சம் சேர்ந்திருக்கும். முடிந்தால் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் கல்வி நிறுவனத் தரவரிசையை வைத்து எடுத்த பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். மானியம் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான். அதிலும் அரசுக் கல்வி நிறுவன மாணவர்களுக்கு முன்னுரிமை. அதனால் இதை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

படி 5: விலகினால்

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கடைசித் தேதி தாண்டி 30 நாள் ஆகிவிட்டால் ஒன்றும் வராது. ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்கள் வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்தவுடன் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.