ரொறன்ரோவின் குளிரை விட்டு தாய்லாந்தில் சைக்கிள்: ஜனவரிப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி

குளிர்காலத்தில் வெளிநாடு போய் சைக்கிள் ஓடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த மாதம், எந்தக் கரை? ரிக்கற் மலிவாகக் கிடைத்தது என்று டிசம்பர் தொடக்கத்திலேயே தாய்லாந்துக்குப் போய், தெற்கே சும்ஃபோன் என்ற கிழக்குக் கரை ஊரில் அடைமழைக்குள் மாட்டுப்பட்டு அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவர்கள் ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வெயில் தேடிப் போகிறவர் முதலில் காற்றைப் படிக்க வேண்டும்.

ஊரில், யாழ்ப்பாணத்தில், ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. அது தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, நவம்பரிலும் டிசம்பரிலும் கிழக்குக் கரையில் உள்ள சும்ஃபோன், சூரத் தானி, நகோன் சி தம்மராட் பக்கம் மழையாக இறக்கிவிடும். நடுவில் உள்ள மலைத்தொடருக்கு மேற்கே, அந்தமான் கடற்கரையில், அதே நாட்களில் வானம் வெளித்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. இதை ஒரு தாளில் எழுதி வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதை தானாகவே வந்துவிடுகிறது.

என் பாதை இதுதான். ஜனவரி நடுவில் பாங்கொக்குக்குத் தென்மேற்கே புறப்பட்டு, வளைகுடாக் கரையோடு தெற்கே சும்ஃபோன் வரை. காற்று பெரும்பாலும் முதுகிலோ இடது தோளிலோ இருக்கும். எதிர்த்திசையில் வந்தால் அதே காற்று முகத்தில் அறையும். சும்ஃபோனில் நிலம் ஒடுங்கும் இடத்தில் மேற்கே திரும்பி, க்ராபுரி வழியாக ரனோங். அங்கிருந்து அந்தமான் கரையோடு தக்குவா பா. பிறகு காவ் சோக் காட்டு வழியாகக் கிழக்கே சூரத் தானி. அங்கே போய்ச் சேர பெப்ரவரி தொடங்கிவிடும், மழையும் ஓய்ந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 900 கிலோமீற்றர். மூன்று கிழமை லீவு இருந்தால் அவசரமில்லாமல் ஓடலாம்.

வடக்கே மலைப்பக்கம் உள்ள சியாங் மாய் அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் பயணத்துக்கு நான் அனுப்பமாட்டேன். மலை ஏற்றம் கடுமை, ஜனவரி இரவுகளில் அங்கே ஸ்வெட்டர் வேண்டும், பெப்ரவரி நடுவுக்குப் பிறகு வயல்களை எரிக்கும் புகை நெஞ்சை அடைக்கும்.

நவம்பரில் செய்ய வேண்டியவை

மருந்தகத்தில் வேலை செய்வதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். ஊசிகளுக்கு இடையில் நாள் விட வேண்டும் என்பதால் நவம்பரிலேயே தொடங்குவது நல்லது. சொந்தப் பணத்தில்தான் போட வேண்டியிருக்கும், விலையும் கொஞ்சம் கூட. ஆனாலும் தாய்லாந்தின் கிராமத்து வீதிகளில் நாய்கள் நிறைய. கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்கூட்டியே ஊசி போட்டவரும் போகத்தான் வேண்டும், ஆனால் அவருக்கு அங்கே போடவேண்டிய ஊசி குறைவு. சின்ன ஊர்களில் இது பெரிய வித்தியாசம்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். நிறுத்தி இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடவுங்கள். அநேகமாக அதோடு அடங்கிவிடும்.

ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டுச் செலவில் மிகக் கொஞ்சத்தையே தரும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, பல நாள் சைக்கிள் பயணம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "ஓம், ஓம்" என்று சொன்னது பிறகு உதவாது.

கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மிச்சம் இருக்கட்டும். 2025 மே முதல் தாய்லாந்துக்கு வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தின் தளம் இல்லை.

சைக்கிளும் பெட்டியும்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. 38 முதல் 42 மில்லிமீற்றர் ரயர் போகக்கூடிய, பின்னால் கரியர் பூட்டக்கூடிய எதுவும் போதும். ரொறன்ரோ வீதியில் உப்புத் தண்ணீரில் ஓடிய சைக்கிள் என்றால், செயினையும் பிரேக் கேபிள்களையும் மாற்றிவிட்டுக் கொண்டு போங்கள். உள்ளே பிடித்திருக்கும் துருவை வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சைக்கிள் கடைகள் புதுச் சைக்கிள் வந்த மட்டைப்பெட்டியைச் சும்மாவே தருவார்கள். முதல் நாள் போன் பண்ணிச் சொல்லிவையுங்கள். பெடல் கழற்றும்போது ஒன்று: வலது பெடல் வழமைபோல் கழரும், இடது பெடல் மறுவளம், மணிக்கூட்டு முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழரும். பலர் இதில் மல்லுக்கட்டி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். பின்பக்கக் கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். அது பூட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்தால் கியர் விழாது. உங்கள் சைக்கிளுக்கே உரிய அந்தத் துண்டில் இன்னொன்று வாங்கி வைத்திருங்கள், தாய்லாந்தில் தேடிக் கிடைப்பது சந்தேகம். முன்சில்லைக் கழற்றியபின் முன்கவைக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாங்கி செருகுங்கள். அதையும் சைக்கிள் கடையில் கேட்டால் தருவார்கள்.

பவர் பாங்கும் மின்விளக்குப் பற்றரியும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டிக்குள் வைக்கக்கூடாது. பெட்டியின் எடைக்கு 23 கிலோவா 32 கிலோவா என்று விமான நிறுவனத்திடம் முதலே கேட்டுவிடுங்கள்.

உங்கள் ரியூப்பில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு சின்னப் பித்தளை அடப்டர் எடுங்கள். தாய்லாந்தில் ஊருக்கு ஊர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை உண்டு. அங்கே காற்றடிக்கும் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கு உரியது. அப்புறம், பின்பார்வைக் கண்ணாடியை வலது பக்கத்துக்கு மாற்றுங்கள். தாய்லாந்தில் ஊரில் போலவே வாகனங்கள் இடப்பக்கம் ஓடும். கனடாவில் பல வருடம் ஓடிய கை கால், சந்தியில் திரும்பும்போது தன்பாட்டில் வலப்பக்கம் போகப் பார்க்கும். வீதியோரத்தில் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையிலும் வரும். அது அங்கே வழமை, கோபப்படாமல் வழிவிடுங்கள்.

முதல் கிழமை

மைனஸ் 15இல் இருந்து 32 பாகைக்குள் இறங்குகிறீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை வியர்வையோடு உப்பு அதிகம் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது நல்லதல்ல. ஜீவனி மாதிரியான உப்பு, சர்க்கரைக் கரைசல் பக்கெற்றுகளை எடுத்துச் செல்லுங்கள், முதல் கிழமை நாளுக்கு 40, 50 கிலோமீற்றரோடு நிறுத்துங்கள். ஜனவரி நடுவில் அங்கே சூரியன் 6:45 அளவில்தான் உதிக்கும். வெளிச்சம் பரவியதும் வெள்ளனவே புறப்பட்டால் 11 மணிக்குள் அன்றைய ஓட்டம் முடிந்துவிடும். மூன்று மணி வரை நிழலில் இருங்கள்.

பாங்கொக்கில் இருந்து ஓடியே வெளியேற வேண்டும் என்ற வைராக்கியம் வேண்டாம். தென்மேற்கே போகும் ராமா 2 பெருவீதி பாலம் கட்டும் வேலையும் பாரவூர்தியுமாக இருக்கும். ஒரு வேன் பிடித்து மேக்லோங் என்ற கரையோர ஊர் வரை போய்விடுங்கள். சைக்கிள் பெட்டியை முதல் இரவு தங்கிய ஹொட்டேலில் விட்டுவிடலாம், திரும்பி வந்து கடைசி இரவும் அங்கேதான் என்று சொன்னால் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். குளிர் ஜாக்கெட்டையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

மேக்லோங்கில் இருந்து பாங் தபூன், பான் லேம் வழியாகப் பெச்சபுரி வரை உள்ள கரையோரச் சின்ன வீதிக்காகவே நான் இந்தப் பயணத்தைச் செய்வேன். இரண்டு பக்கமும் உப்பளம். காலையிலேயே ஆட்கள் நீளமான மரப் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருப்பார்கள். குவியல்களின் வரிசை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். தட்டையான வீதி, வாகனம் குறைவு, நிழல்தான் இல்லை. தொப்பி அவசியம்.

பெச்சபுரிக்குக் கிட்டப் போனதும் வயல் வரம்பெல்லாம் பனை. யாழ்ப்பாணத்தில் பிறந்த யாரும் அங்கே சைக்கிளை நிறுத்தாமல் போகமுடியாது. பான் லாட் பக்கம் மரத்தில் மூங்கில் ஏணி கட்டி ஏறி, பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். வீதியோரத்தில் அதைக் குளிராகப் போத்தலில் விற்பார்கள். நுங்கு கிடைக்கும், இளம் பனங்காய் போட்ட கறி கிடைக்கும். கனோம் தான் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பலகாரம் இருக்கிறது: பழுத்த பனம்பழக் களியை அரிசிமாவோடு கலந்து ஆவியில் அவித்தது. வாயில் வைத்ததும் வருவது எங்கள் பனங்காய்ப் பணியாரத்தின் அதே வாசனை. எண்ணெய் மட்டும் இல்லை. ஒரு முழுநாள் இங்கே தங்கும்படி திட்டத்தில் இடம் விடுங்கள்.

தெற்கே

ஹுவா ஹின்னைச் சீக்கிரம் கடந்துவிடலாம், அது சுற்றுலா நகரம். காவ் சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவுக்குள் சுண்ணாம்புக்கல் மலைகளின் அடியால் ஓடும் வீதி நல்லது. பிரச்சுவாப் கிரி கானில் இரண்டு இரவு தங்குங்கள். ஆவ் மனாவ் கடற்கரைக்கு விமானப்படை முகாமின் ஊடாகத்தான் போகவேண்டும்; 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை வந்து இறங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்குகள் அங்கே மரத்தில் இருக்கும். சாதுவானவைதான், உணவு கொடுக்காதீர்கள்.

பிரச்சுவாப் முதல் சும்ஃபோன் வரை நாலாம் இலக்கப் பெருவீதியை இயன்றவரை தவிர்த்து, பான் க்ரூட், பாங் சபான் கரையோர வீதிகளில் போங்கள். தங்குவதற்கு முன்பதிவு தேவையில்லை, வீதியோர அறை 500 முதல் 800 பாட் (தாய்லாந்துக் காசு) வரையில் கிடைக்கும். பெற்றோல் நிலையங்களில் சுத்தமான கழிவறையும் கோப்பிக் கடையும் இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் "கின் ஜே" என்று சொல்லப் பழகுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் மீன் சாறு கலக்காத சாப்பாடு கிடைக்கும்.

சும்ஃபோனில் இருந்து ரனோங் வரை ஏற்ற இறக்கம் உண்டு, இரண்டு நாளாகப் பிரியுங்கள். ரனோங்கில் வெந்நீர் ஊற்றில் காலை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் இருக்கலாம்.

தக்குவா பாவைச் சாதாரண ஊர் என்று கடந்துவிடாதீர்கள். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு இங்கே கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்டதையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். கல்வெட்டு இப்போது நகோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், கப்பல்காரர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது விளங்கும். தக்குவா பாவில் இருந்து கிழக்குக் கரைக்குச் சரக்கு போன பழைய வழி ஒன்று இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நீங்களும் அதே திசையில், 401ஆம் இலக்க வீதியில், காவ் சோக் மழைக்காட்டின் ஓரமாக ஓடப்போகிறீர்கள்.

சூரத் தானி ரயில் நிலையம் நகருக்குள் இல்லை, மேற்கே புன்பின் என்ற ஊரில் இருக்கிறது. நீங்கள் வரும் பக்கம்தான். பாங்கொக்குக்குத் திரும்புவது அங்கிருந்து இரவு ரயிலில்; ஆனால் எல்லா ரயிலிலும் சரக்குப் பெட்டி இருக்காது. நிலையத்தில் கேட்டு, அது உள்ள ரயிலுக்கே உங்கள் ரிக்கற்றையும் வாங்குங்கள். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். பாங்கொக்கில் சைக்கிளைத் திரும்ப மட்டைப்பெட்டியில் கட்டுவதற்கு முன் ரயரிலும் மட்கார்ட்டிலும் ஒட்டிய மண்ணை நன்றாகக் கழுவிவிடுங்கள். வெளிநாட்டு மண்ணைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். பாங்கொக் ஹொட்டேலில் கேட்டால் பின்பக்கத்துக் குழாயைக் காட்டுவார்கள், ஒரு பழைய பல் தூரிகை போதும்.